துப்பாக்கிக்கு லைட், லேசர், ரெட் டாட்: எதை முதலில் வாங்குவது?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். போன வருடம் கிரீன் கார்டு வந்திருக்கிறது, வீட்டுப் பாதுகாப்புக்கென்று ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்கியிருக்கிறார். கடைக்காரர் துப்பாக்கியில் மாட்டும் லைட், லேசர், ரெட் டாட் (இலக்கின் மேல் சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) மூன்றையும் சேர்த்து வாங்கச் சொல்ல, கூட்டிப் பார்த்தால் துப்பாக்கியின் விலையையே தாண்டுகிறது, இதில் எது அவசியம், எது வீண் செலவு என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருந்தார்: வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வருடத்தில் ஆறு மாதம் ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மா. என் பதில் முழுக்க அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முதலில் கையில் பிடிக்கும் நல்ல டார்ச் ஒன்று, இன்றைக்கே. அடுத்தது துப்பாக்கியில் மாட்டும் லைட். அதற்கப்புறம் கையில் இருக்கும் பணம் குண்டுக்கும் ரேஞ்ச் (சுடும் பயிற்சி மைதானம்) கட்டணத்துக்கும் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கும் போகட்டும். ஆறு மாதம் பழகிய பிறகு ரெட் டாட் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம். லேசர் உங்களுக்குத் தேவையில்லை.

இனி காரணங்கள். பன்னிரண்டு வருடமாக இங்கே ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதில் கணிசமானவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் யார் நடமாடுவார்கள் என்பதைத்தான். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து இறங்கிய அப்பாவுக்கு முதல் இரண்டு வாரம் பகல் இரவு தெரியாது. தூக்கம் வராமல் எழுந்து, யாரையும் எழுப்பக்கூடாது என்று விளக்கைப் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறப்பார், பழக்கமில்லாத பின்கதவைத் திறந்து பார்ப்பார், அதில் அலாரம்கூட அடிக்கலாம். உங்கள் வீட்டில் நள்ளிரவில் கேட்கும் நூறு சத்தங்களில் தொண்ணூற்றொன்பதும் உங்களுக்கு வேண்டியவர்கள் எழுப்பும் சத்தம்தான். ஆகவே நீங்கள் வாங்கப்போகும் சாதனத்தின் முதல் வேலை குறி பார்ப்பது இல்லை, அங்கே நிற்பது யார் என்று காட்டுவது. அந்த வேலையைச் செய்வது லைட் மட்டும்தான். லேசரும் ரெட் டாட்டும் ஏற்கெனவே யாரென்று தெரிந்த ஒருவர் மேல் குறி வைக்க உதவுபவை.

2013 பிப்ரவரி 14 அதிகாலையில் தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் மூடியிருந்த கழிவறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார், உள்ளே இருந்தது அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். இருட்டில் திருடன் என்று நினைத்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்த்தது. அவர் சொன்னது உண்மையோ பொய்யோ, நமக்கு அதில் ஒரு விஷயம் இருக்கிறது: உள்ளே இருப்பது யார் என்று பார்க்காமல் சுட்டவருக்கு, எதிரில் இருப்பது யாராக இருக்கும் என்ற ஊகம் எந்த விதத்திலும் துணைக்கு வரவில்லை.

இன்னொன்று நமக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது. 1992 அக்டோபர் 17 அன்று லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பி, வீடு மாறி வேறொரு வீட்டு அழைப்பு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'ஃப்ரீஸ்' என்று கத்தினார், பையன் நிற்கவில்லை, சுட்டுவிட்டார். கையில் இருந்தது கேமரா. குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார், ஆனால் பின்னர் நடந்த உரிமையியல் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. இதை நான் வகுப்பில் சொல்லும்போது கூடவே ஒன்று சொல்வேன்: உங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் முதலில் தமிழில் கூப்பிடுங்கள். "அப்பா, நீங்களா?" என்று. இருட்டில் திடீரென்று ஆங்கிலத்தில் யாரோ கத்தினால் எழுபது வயதுக்காரர் உறைந்து நிற்கலாம், ஓடலாம், எதுவும் செய்யலாம், ஆனால் "அப்பா" என்று மகன் குரல் கேட்டால் பதில் சொல்வார். ஒரு பைசா செலவில்லாத இந்தப் பழக்கம் எந்தச் சாதனத்தையும்விடப் பெரியது.

சரி, டார்ச்சுக்கு வருவோம். கையில் பிடிக்கும் டார்ச் ஏன் முதலில் என்றால், துப்பாக்கியில் மாட்டிய லைட் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் குழல் முனையும் பார்க்கும். சுட விரும்பாத எதன் மேலும் குழல் முனையைத் திருப்பாதே என்பது அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் ஒன்று, 1976இல் அரிசோனாவில் அவர் ஆரம்பித்த பயிற்சிப் பள்ளியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய விதி அது. துப்பாக்கி லைட்டை வைத்துக்கொண்டு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தேடினால், உங்கள் அம்மாவின் மேலும் பிள்ளையின் மேலும் குண்டு ஏற்றிய துப்பாக்கியை நீட்டித்தான் தேடுகிறீர்கள். தேடுவதற்குக் கை டார்ச். அடையாளம் தெரிந்து, ஆபத்து என்பதும் உறுதியாகி, இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் துப்பாக்கி லைட்.

கை டார்ச்சில் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். பின்பக்கம் பட்டன் இருக்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் எரிந்து விட்டால் அணைய வேண்டும். முதல் அழுத்திலேயே முழு வெளிச்சம் வர வேண்டும், மங்கல், நடுத்தரம், மின்னல் என்று சுற்றிச் சுற்றி வரும் டார்ச் மலையேறுவதற்குச் சரி, இதற்கு உதவாது. மூன்றாவது, பேட்டரி. சிஆர்123ஏ லித்தியம் செல் பத்து வருடம் அலமாரியில் கிடந்தாலும் சார்ஜ் பெரிதாக இறங்காது. சார்ஜ் செய்யும் டார்ச் என்றால் மாதம் ஒரு தேதி குறித்துக்கொண்டு ஏற்றுங்கள், வாடகை கட்டும் தேதியோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

பிடிக்கும் முறைகளுக்கு நிறையப் பெயர்கள் உண்டு. டார்ச் கையைத் துப்பாக்கிக் கைக்கு அடியில் கொண்டுபோய் இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்திக்கொள்வது 1970களில் மைக்கேல் ஹாரிஸ் பரப்பியது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. டார்ச்சை உடம்பை விட்டுத் தள்ளி உயரத்தில் பிடிப்பது எஃப்.பி.ஐ. முறை. என் சிபாரிசு மூன்றாவது: டார்ச்சைத் தாடைக்குக் கீழே, கழுத்தோடு ஒட்டிப் பிடிப்பது. தலை திரும்பும் பக்கம் வெளிச்சம் திரும்பும், துப்பாக்கி இல்லாதபோதும் அதே பிடி, எடுத்தபிறகும் அதே பிடி, பதற்றத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

இப்போது எண்களைப் பார்ப்போம், ஏனென்றால் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். லுமென் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் சேர்த்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கேண்டலா என்பது ஒரு திசையில் எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பது. தோட்டத்துக் குழாயில் விரலை வைத்து அழுத்தினால் அதே தண்ணீர் தூரமாகப் பீய்ச்சுகிறதல்லவா, அப்படி. ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள், கணக்கு எளிது: கேண்டலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ். பத்து மீட்டர் தூரம் என்று வையுங்கள், ஒரு படுக்கையறை வாசலிலிருந்து ஹாலின் மறுகோடி வரை அவ்வளவுதான் இருக்கும். கடையில் கிடைக்கும் துப்பாக்கி லைட்களில் ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7ஏ 500 லுமென், 5,000 கேண்டலா, பத்து மீட்டரில் 50 லக்ஸ். ஷுவர்ஃபயர் எக்ஸ்300 அல்ட்ரா 1,000 லுமென், 11,300 கேண்டலா, 113 லக்ஸ். ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-1 எச்எல் 1,000 லுமென், 20,000 கேண்டலா, 200 லக்ஸ். எக்ஸ்300 டர்போவில் லுமென் 650தான், ஆனால் கேண்டலா 66,000, அதே தூரத்தில் 660 லக்ஸ். விளக்கெரியும் சாதாரண வரவேற்பறையில் நூறு லக்ஸ் சுற்றி இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், வீட்டுக்குள் இதில் எதுவும் குறைச்சல் இல்லை என்பது புரியும். டர்போ மாதிரியான கூரிய ஒளிக்கற்றை வெளியே, வயல்வெளியில், தூரத்து வேலியோரம் நிற்பது என்ன என்று பார்க்க. வீட்டுக்குள் அது நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தைக் காட்டி ஓரங்களை இருட்டாக்கிவிடும், உங்களுக்குத் தேவையானது முகமும் இரண்டு கைகளும் ஒரே பார்வையில் தெரியும் அளவுக்கு அகலமான வெளிச்சம்.

நம் வீடுகள் எல்லாம் வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை. ஆயிரம் லுமெனைக் கிட்டத்துச் சுவரில் அடித்தால் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும், பழகாதவர்களுக்கு ஓரிரு நொடி எதுவும் தெரியாது. ஆனால் இதே குணத்தை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். டார்ச்சைக் கூரையிலோ தரையிலோ அடித்துப் பாருங்கள், அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும், நிற்பவரின் முகம் தெரியும், அவர் கண் கூசாது. துப்பாக்கி லைட்டிலும் இது நடக்கும், குழல் முனையைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம், அவர் மேல் நீட்ட வேண்டியதில்லை. என் வகுப்பில் முக்கால் மணி நேரம் இதற்கே போகும், ஒரு குண்டுகூடச் சுடாமல்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு ஓர் இரவுப் பயிற்சி, பலகைத் தடுப்புகளால் ஆன போலி வீடு, உள்ளே ஆள் உயரப் புகைப்பட அட்டைகள். மூன்றாவது அறையில் ஒரு பெண், கையில் கறுப்பாக ஏதோ. லைட் போட்ட அதே நொடியில் விசையை இழுத்தேன், இரண்டு குண்டும் நெஞ்சில். கிட்டே போய்ப் பார்த்தால் கையில் இருந்தது கைப்பேசி. பயிற்றுநர் திட்டவில்லை, அந்த அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதை இன்றும் வைத்திருக்கிறேன். லைட்டையும் விசையையும் ஒரே அசைவாக மூளை பழக்கிக்கொண்டுவிட்டால் லைட் இருந்தும் பயனில்லை. லைட், கைகளைப் பார், முகத்தைப் பார், அதற்கப்புறம்தான் முடிவு. பயிற்சியில் பெரும்பாலும் சுடாமலே முடிய வேண்டும்.

துப்பாக்கியில் மாட்டும் லைட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பிராண்டைவிட முக்கியம் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது. விசைக்கூட்டுக்கு முன்னால் இருந்து, உங்கள் மற்றொரு கையின் கட்டைவிரலால் போட முடிய வேண்டும். பிடியில், விசைவிரலுக்குப் பக்கத்திலேயே அழுத்தும் மாதிரியான சுவிட்ச்கள் உண்டு, அவற்றை வாங்காதீர்கள். லைட் போட நினைத்து விசையை இழுத்துவிட்ட சம்பவங்கள் இந்த நாட்டுக் காவல்துறையிலேயே நடந்திருக்கின்றன, பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படி என்றால் தூக்கத்திலிருந்து எழும் நமக்கு எப்படி இருக்கும். சுவிட்ச் வேலையை எப்போதும் துணைக்கைக்கே கொடுங்கள், விசைவிரலுக்கு ஒரு வேலைதான்.

மாடல் என்று கேட்டால், முழு அளவு பிஸ்டலுக்கு டிஎல்ஆர்-1 எச்எல், சின்னதற்கு டிஎல்ஆர்-7 வரிசை, இரண்டும் போதும். எக்ஸ்300 அதைவிடக் கெட்டியானது, விலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, தினமும் இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பொருட்டு, படுக்கையறைப் பெட்டகத்தில் இருக்கும் துப்பாக்கிக்கு இல்லை. இணையத்தில் முப்பது டாலருக்கு 2,000 லுமென் என்று வரும் பெயர் தெரியாத சாதனங்கள் வேண்டாம், சுடும் அதிர்ச்சியில் ஐம்பதாவது குண்டிலேயே அணைந்துபோனவற்றை ரேஞ்சில் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். வாங்குவதற்கு முன் இன்னொன்று: லைட் மாட்டினால் பழைய ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) துப்பாக்கி நுழையாது, அந்த லைட்டுக்கென்றே செய்த ஹோல்ஸ்டர் வேண்டும், சின்னப் பெட்டகமாக இருந்தால் அதிலும் இடிக்கும். இந்தச் செலவைக் கடையில் சொல்லமாட்டார்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. சுடச் சுடக் கண்ணாடியில் கரி படியும், இருநூறு குண்டுக்கு வெளிச்சம் கண்கூடாகக் குறைந்திருக்கும், துடைத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, வேலை செய்தாலும் சரி, பேட்டரியை மாற்றிவிடுங்கள். துப்பாக்கியில் குண்டு இருக்கும்போது லைட்டை மாட்டவோ கழற்றவோ கூடாது, கை குழல் முனைக்கு முன்னால் போகும் வேலை அது.

இப்போது ரெட் டாட். இது என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு சின்ன எல்.இ.டி.யின் ஒளி, அந்த நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும்படி பூச்சுப் பூசிய கண்ணாடியில் பட்டு இணைகற்றையாக உங்கள் கண்ணுக்கு வருகிறது. அதனால் புள்ளி கண்ணாடியில் ஒட்டியதாகத் தெரியாமல் தூரத்தில், இலக்கின் மேலேயே மிதப்பதாகத் தெரியும். லேசர் மாதிரி இது எதிரே போய் எங்கும் விழுவதில்லை. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1997இல் அமெரிக்க ராணுவம் அந்த நிறுவனத்தின் ரெட் டாட்டைத் தன் ரைஃபிள்களுக்கு எடுத்துக்கொண்டது, 2009இல் டிரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் என்ற சின்ன ரெட் டாட் வந்த பிறகுதான் பிஸ்டல் மேல் வைப்பது சாதாரணமானது.

இதன் உண்மையான லாபம் கண்ணுக்கு. துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, கண்ணை முன்குறியில் நிறுத்த வேண்டும், அப்போது இலக்கு மங்கும். யாரென்று பார்க்க வேண்டிய நேரத்தில் யாரென்பதே மங்குகிறது. நாற்பது தாண்டிய கண்ணுக்கு முன்குறியும் சேர்ந்து மங்கும். ரெட் டாட்டில் இரண்டு கண்ணையும் திறந்து இலக்கையே பார்க்கலாம், புள்ளி தானாக அங்கே வந்து நிற்கும். என் கண்ணாடி பவர் ஏறிய பிறகு நான் மாறியதற்கு இதுதான் காரணம், வேகத்துக்காக இல்லை.

பிறகு ஏன் ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறேன்? புதியவர் துப்பாக்கியைத் தூக்கியதும் புள்ளி தெரியாது. மணிக்கட்டு ஒரு டிகிரி சாய்ந்தாலும் புள்ளி ரெட் டாட்டின் சின்னக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே போய்விடும், அவர் மூக்கை ஆட்டி, துப்பாக்கியைச் சுற்றி, புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பார். இரும்புக் குறியில் பழகிய பிடி இருந்தால் இந்தத் தேடல் பாதியாகும். வீட்டில், குண்டு இருக்கிறதா என்று இரண்டு முறை சோதித்து, குண்டுகள் வேறு அறையில் இருக்க, தினம் பத்து நிமிடம் தூக்கிப் பழகினால் ஒரு மாதத்தில் வந்துவிடும். பணம் கொடுத்து வாங்க முடியாத பகுதி இது ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன் கண்டிப்பாகக் கடையில் ஒரு தடவை கண்ணால் பாருங்கள், இணையத்தில் விமர்சனம் படித்து வாங்காதீர்கள். ஆஸ்டிக்மேடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) இருப்பவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது, வால் முளைத்தோ சிதறிய நட்சத்திரமாகவோ தெரியும். சாதனம் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. கைப்பேசிக் கேமராவை வைத்து ரெட் டாட்டின் ஜன்னல் வழியாகப் படம் எடுங்கள், படத்தில் புள்ளி சுத்தமாக இருந்தால் குறை கண்ணில்தான். வெளிச்சத்தைக் குறைத்தால் ஓரளவு சரியாகும், சிலருக்குப் பச்சை நிறம் ஒத்துப்போகும், பவர் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பலருக்குச் சரியாகிவிடும். புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்று சொல்வார்கள், ஒரு எம்.ஓ.ஏ. என்பது நூறு கெஜத்தில் சுமார் ஓர் அங்குலம். ஆக 6 எம்.ஓ.ஏ. புள்ளி 25 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மறைக்கும், வீட்டுத் தூரத்துக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, கண்ணில் சீக்கிரம் படும். ஹோலோசன் 507சி போன்றவற்றில் 2 எம்.ஓ.ஏ. புள்ளியைச் சுற்றி 32 எம்.ஓ.ஏ. வளையமும் வரும், புள்ளியைத் தொலைப்பவர்களுக்கு அந்த வளையம் பிடிமானம்.

யாரும் சொல்லாத ஒன்று: லைட்டும் ரெட் டாட்டும் ஒன்றோடொன்று மோதும். தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும் ரெட் டாட், நீங்கள் நிற்கும் இருட்டை அளந்து புள்ளியை மங்கலாக்கும், ஆனால் எதிரே உங்கள் லைட் ஆயிரம் லுமெனில் வெள்ளைச் சுவரை நிறைத்திருக்கும், அதில் புள்ளி காணாமலே போகும். ஆகவே தானியங்கியை அணைத்துவிட்டு, இரவில் உங்கள் வீட்டிலேயே லைட்டைப் போட்டுச் சுவரில் அடித்து, புள்ளி தெளிவாகத் தெரியும் வெளிச்சத்தில் நிறுத்திவையுங்கள்.

மாட்டும்போது கெடுவதுதான் அதிகம். ஸ்க்ரூ சரியான நீளமா, எண்ணெய்ப் பிசுக்கு துடைத்தாயிற்றா, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிறத் த்ரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு விட்டாயிற்றா, கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கியாயிற்றா என்று பார்க்க வேண்டும். ஆர்எம்ஆருக்கு அது 12 இன்ச்-பவுண்டு, கையால் உத்தேசமாக முறுக்கினால் ஒன்று கழன்றுவிடும் அல்லது மரை தேய்ந்துவிடும். முறுக்கிய பிறகு ஸ்க்ரூத் தலையிலிருந்து உடம்புக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டால், கோடு முறிந்த அன்றே கழல்வது தெரியும். ஜீரோ செய்ய, அதாவது புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் விழும்படி திருத்த, பதினைந்து கெஜம் நல்ல தூரம்: மூன்று குண்டு சுட்டு, நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்தி, மறுபடி மூன்று. ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருகாணியைத் திருகுபவர்கள் நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பார்கள். பின்னால் இரும்புக் குறி இருக்கட்டும், பேட்டரி போனாலும் கண்ணாடியில் மழைத்துளி விழுந்தாலும் வேலை நடக்கும்.

ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஏஆர்-15இல் ரெட் டாட் குழலுக்கு மேலே சுமார் இரண்டரை அங்குலத்துக்கும் மேல் இருக்கும். ஐம்பது கெஜத்தில் ஜீரோ செய்திருந்தாலும் அறைக்குள் ஏழு கெஜத்தில் குண்டு புள்ளிக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் கீழே போய் விழும். கட்டில் விளிம்பையோ கதவு நிலையையோ தடுப்பாக வைத்துச் சுடும்போது புள்ளி தாண்டியிருக்கும், குழல் தாண்டியிருக்காது. ஸ்கோப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது முடியாது, வீட்டுக்குள் அது வேண்டவும் வேண்டாம். வெயிலில் காரில் விட்ட ரெட் டாட் போன்ற குறிக்கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள்: வெப்பநிலை மாறும்போது குறி விலகுவதை மறைத்ததாகச் சொல்லி அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், இதே மாதிரி குறிக்கண்ணாடிகள் செய்யும் இயோடெக்கின் அப்போதைய தாய் நிறுவனம் எல்-3 2015இல் 2.56 கோடி டாலர் கட்டியது, ராணுவத்துக்கு விற்ற சாதனத்திலேயே அந்த நிலை.

லேசர் ஏன் வேண்டாம் என்கிறேன்? சட்டையில் சிவப்புப் புள்ளி விழுந்ததும் திருடன் கையைத் தூக்கிவிடுவான் என்று கடையில் சொல்வார்கள். பதற்றத்தில் இருப்பவன் தன் நெஞ்சைக் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் புள்ளியைத் தேடிப் பார்ப்பீர்கள், கை நடுங்கும்போது புள்ளியும் ஆடும், அது ஓயட்டும் என்று காத்திருப்பீர்கள். லேசர் குழலுக்குக் கீழேயோ பக்கத்திலேயோ இருப்பதால் ஒரே ஒரு தூரத்தில்தான் குண்டும் புள்ளியும் சந்திக்கும், மற்ற தூரங்களில் விலகும். வெயிலில் சிவப்பு தெரியவே தெரியாது, பச்சை கொஞ்சம் தெரியும், மனிதக் கண் பகலில் 555 நானோமீட்டர் பச்சைக்கு அருகில்தான் கூர்மை என்பதால். யாரென்று காட்டும் வேலையை லேசர் துளியும் செய்யாது, அதுதான் எனக்குப் பெரிய குறை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு கவலையும் உண்டு, கடையில் விற்பவை 5 மில்லிவாட் வரை, நேராகக் கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடியிலும் டிவி திரையிலும் பட்டுத் திரும்பும். விமானத்தின் மேல் அடித்தால் 2012 சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறை, விளையாட்டுக்கு என்றாலும்.

ஒரே ஒரு நல்ல பயன் உண்டு. கழுத்து வலியாலோ கை ஊனத்தாலோ துப்பாக்கியைக் கண் மட்டத்துக்குத் தூக்க முடியாதவர்களுக்கு லேசர் உண்மையிலேயே உதவி, அவர்களுக்கு நானே வாங்கச் சொல்லியிருக்கிறேன். மற்றபடி விசையை இழுக்கும்போது கை எப்படி உதறுகிறது என்று குண்டில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு ரேஞ்சில் கேட்டால் இரவல் கிடைக்கும்.

அப்புறம் சட்டம், இது நம் ஆட்கள் அதிகம் வழுக்கும் இடம். உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு), பி-2 (சுற்றுலா) போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அப்பாவுக்கு ஆசை என்று ரேஞ்சுக்கு அழைத்துப்போய்க் கையில் கொடுப்பதும் இதில் வந்து நிற்கும், முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். பெட்டகச் சாவியும் எண்ணும் அவர்களிடம் இருக்க வேண்டாம். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டேற்றிய துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் குற்றம், அதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ரைஃபிள் ஸ்கோப், ரெட் டாட் எல்லாம் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை, ஊரில் இருக்கும் மாமாவின் துப்பாக்கிக்கு என்று பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள்.

சத்தம் கேட்டால் வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகவும் வேண்டாம். எல்லோரையும் ஓர் அறைக்குள் சேர்த்து, கதவை அடைத்து, அவசர உதவி எண் 911ஐ அழைத்துவிட்டுக் கதவைப் பார்த்தபடி இருங்கள். அப்பா அம்மா வந்த முதல் வாரமே இதை அவர்களிடம் தமிழில் பொறுமையாகச் சொல்லிவையுங்கள், எந்த அறை, யார் யாரைக் கூட்டி வர வேண்டும் என்று.

கடைக்குப் போகும் முன், நடைபாதையிலும் சமையலறைக்குப் போகும் வழியிலும் ஆள் நடந்தால் தானாக எரியும் சின்ன விளக்கு நான்கு வாங்கிச் செருகுங்கள், எல்லாம் சேர்த்து முப்பது டாலர்கூட ஆகாது. அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தால் அவர் முகம் உங்கள் அறை வாசலிலிருந்தே தெரியும்.